மண்டபத்துப் பாசிச் சாறு: குண்டு மிளகாய்க்கு ஒரு சீசன் அடித்துப் பார்த்தேன்

இலை சுருண்டு முடக்கு விழுந்த மிளகாய்ச் செடிக்கு வைத்தியம் தேடி இதைப் படிக்க வந்திருந்தால் மன்னிக்கவும், கடற்பாசியைப் பிழிந்து எடுக்கிற இந்தப் பாசிச் சாறு அதற்கு உதவாது. நன்றாக வளர்ந்து, பூ எடுத்து, காய் பிடிக்கிற நேரம் பார்த்துக் காற்றும் வெயிலும் சேர்ந்து பூவைக் கொட்ட வைக்கிறதே, அந்தச் செடியை வைத்துக்கொண்டு முழிக்கிறவர்கள் மேலே படிக்கலாம்.

எங்கள் ஊர் உப்பூருக்கும் திருப்பாலைக்குடிக்கும் நடுவில். வயலின் கடைசி வரப்பில் ஏறி நின்றால் கடல் தெரியும். இரண்டேகால் ஏக்கர், குண்டு மிளகாய்தான், போன வருடத்துப் பழத்திலேயே விதை எடுத்து வைத்துக்கொள்வோம். புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி கார்த்திகை மழையில் வளர்த்து, தையில் பூப் பார்த்து, மாசியிலிருந்து சித்திரை வரை பறிப்போம். 2023 பிப்ரவரியில் இதற்கு ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தது, அதிலிருந்து வெளியூர்க்காரர்கள் மரியாதையாகப் பேசுகிறார்கள், கமிஷன் கடைக்காரர்தான் இன்னும் கண்டுகொள்ளவில்லை. நான் கல்லூரியில் தாவரவியல் படித்தவன். படித்ததற்கும் பார்க்கிற வேலைக்கும் இந்த வருடம்தான் முதல்முறையாக ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

சாறு வாங்கியது மண்டபம் பக்கத்தில், பாக் நீரிணைக் கரையில் பாசி வளர்க்கிற ஒரு பெண்கள் குழுவிடம். பெயர் போடவில்லை, கீழே கொஞ்சம் குறையும் சொல்லப்போகிறேன், அவர்கள் பிழைப்பில் மண் விழ வேண்டாம். கொட்டகை என்று சொன்னால் நான்கு கம்பும் கீற்றும்தான். 12 அடிக்கு 12 அடி மூங்கில் தெப்பத்தில் கயிறு கட்டி, கயிற்றில் துண்டு துண்டாகப் பாசியை முடிந்து கடலில் விட்டால், 60 கிலோ கட்டியது 45 நாளில் நான்கு மடங்கு ஆகிறது. கப்பாஃபைகஸ் என்பது அதன் பெயர். 2000-களின் தொடக்கத்தில் ஒரு குளிர்பானக் கம்பெனி ஒப்பந்த முறையில் வளர்க்க வைத்ததால் ஊரில் பெப்சி பாசி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது, கம்பெனி போயும் பெயர் போகவில்லை. பூர்வீகம் பிலிப்பைன்ஸ் பக்கம். (குருசடைத் தீவுப் பவளப்பாறைமேல் இது படர்ந்துவிட்டதைப் பற்றி 2008-லேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள், அது தனிக் கதை, அதற்குத் தனியாகச் சண்டை போட வேண்டும்.)

கரையேற்றிய பாசியைக் கழுவி, அரைத்து, துணியில் கட்டிப் பிழிகிறார்கள். சக்கை காய்ந்து கேராஜீனன் எடுக்கப் போகிறது, ஐஸ்கிரீமைக் கெட்டியாக்குகிற சமாச்சாரம். வடிந்த சாறுதான் நமக்கு. பச்சைப் பாசியைப் பிழிந்து சாறு ஒரு பக்கம், கேராஜீனன் ஒரு பக்கம் என்று இரண்டையும் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தவர்கள் உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆய்வு நிலையத்துக்காரர்கள், தலைமையிடம் பாவ்நகரில் இருந்தாலும் மண்டபத்தில் அவர்களுக்கு ஒரு நிலையம் இருக்கிறது. அதற்கு முன்னால் பாசியைக் காயப்போடும்போது இந்தச் சாறு எல்லாம் மணலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

5 லிட்டர் கேன் 400 ரூபாய். பழைய பாமாயில் கேன். மேலே லேபிள் கிடையாது, பிழிந்த தேதி கிடையாது, எவ்வளவு கலக்க வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. அக்காவிடம் கேட்டேன்.

“எவ்வளவுக்கா ஊத்தணும்?”

“எல்லாரும் ஊத்துற அளவுதான் தம்பி.”

இதுதான் முதல் குறை, இதனால் நான் பட்ட பாடு கீழே வருகிறது. 2021 பிப்ரவரியில் பாசிச் சாறு மாதிரியான உயிர்த்தூண்டிகளை உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள், அதனால் கடையில் விற்கிற பாட்டிலில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று அச்சடித்தாக வேண்டும். கேனில் வாங்குகிற நமக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அக்காமார்களும் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டினால் என்ன, பேனாவுக்கா பஞ்சம்?

சாறு வெளிர் பழுப்பு, மெல்லிய கூழ்ப்பதம். வாடையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மூடியைத் திறந்ததும் சூடைக் கருவாடும் நனைந்த கயிறும் சேர்ந்த ஒரு வாசம். கடற்கரைக்காரர்களுக்குப் பழகிவிடும், பரமக்குடி மச்சான் ஒருமுறை வந்தவன் வரப்பிலேயே நின்றுகொண்டான்.

சரி, இதற்குள் என்ன இருக்கிறது? பொட்டாசியம் நிறைய. அப்புறம் கிளைசின் பீட்டெய்ன், கோலின் என்று வறட்சியில் செல்லுக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்க உதவுகிற பொருட்கள். அதற்கும் மேலே ஆக்சின், சைட்டோகைனின், ஜிப்ரலின் என்கிற ஹார்மோன்கள், அதாவது செடி தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற கட்டளைகள், அளவு மிகச் சிறியது. ஊட்டச்சத்து சோறு மாதிரி, இவை வீட்டில் அப்பத்தா போடுகிற சத்தம் மாதிரி. சோறு இல்லாத வீட்டில் சத்தம் போட்டு எதுவும் ஆகாது. இதைப் புரிந்துகொள்ளாமல் அடியுரமே போடாத வயலில் சாறு அடித்துவிட்டு “வேஸ்ட் சார்” என்று திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் கட்டளைகளைக் கண்டுபிடித்த கதைகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். செடிக் கருவை வளர்க்க இளநீர் உதவுகிறது என்று 1941-லேயே பார்த்துவிட்டார்கள், தென்னை வைத்திருக்கிற நமக்கு அது தோன்றவில்லை பாருங்கள். செல்லை இரண்டாகப் பிரிந்து பெருகத் தூண்டுகிற கைனெட்டின் என்ற சைட்டோகைனினை 1955-ல் ஹெர்ரிங் மீனின் விந்து டிஎன்ஏவிலிருந்து பிரித்தார்கள், நம் சூடைக்கு அது ஒரு வகையில் பங்காளி. ஜிப்ரலின் வந்த வழி இன்னும் வேடிக்கை. ஜப்பானில் நெல் நாற்று சில வருடம் வெளிறி, ஒல்லியாக, தறிகெட்டு நீண்டு வளர்ந்து சாய்ந்துவிடும், முட்டாள் நாற்று நோய் என்றே பெயர். 1926-ல் குரோசாவா என்பவர் அந்த நோயைக் கொண்டுவருகிற பூஞ்சையை வளர்த்த திரவத்தை மட்டும் நாற்றுக்குக் கொடுத்து அதே நோயை வரவழைத்துக் காட்டினார். 1930-களில் அந்தப் பொருளைப் பிரித்துப் பூஞ்சையின் பெயரையே வைத்தார்கள். அப்புறம் பார்த்தால் அது நல்ல செடிக்குள்ளும் இருக்கிறது. அளவாக இருந்தால் வளர்ச்சி, பூஞ்சை அள்ளிக் கொட்டினால் நோய். பாசிச் சாற்றை எவ்வளவு ஊற்றுவது என்று நான் அடித்துக்கொண்டதற்கும் இதுதான் காரணம்.

அளவுக் கூத்துக்கு வருகிறேன். முந்தின வருடம் கடையில் வாங்கிய பாட்டில் அடர்த்தியாக்கிய சாறு, லிட்டருக்கு 2.5 மில்லி என்று போட்டிருந்தது. அதே நினைப்பில் பச்சைச் சாற்றையும் 16 லிட்டர் டேங்குக்கு 40 மில்லி விட்டு அடித்தேன். செடிக்குக் குளித்த மாதிரி இருந்திருக்கும், வேறு எதுவும் இல்லை. பத்து நாள் பார்த்துவிட்டு, கோபத்தில் ஒரேயடியாக இரண்டரை லிட்டர் ஊற்றி, போர் தண்ணீரில் கலந்து, காலை பதினோரு மணிக்கு அடித்தேன். எங்கள் போர் தண்ணீரில் டீ போட்டால் பால் திரிந்துவிடும், அவ்வளவு உப்பு. சாற்றிலும் உப்பு, தண்ணீரிலும் உப்பு, மேலே வெயில். மூன்றாம் நாள் இலை நுனியெல்லாம் தீக்குச்சி காட்டியது மாதிரி பழுப்பு. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, வரப்பில் நின்று என்னையும் செடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார், திட்டியிருந்தால் பரவாயில்லை.

ஆய்வுகளில் பச்சைச் சாற்றை நூற்றுக்கு 5, 7.5, 10 என்ற விகிதத்தில்தான் பெரும்பாலும் அடித்திருக்கிறார்கள். நான் 5-ல் நின்றுவிட்டேன். 16 லிட்டர் டேங்குக்கு 800 மில்லி. பண்ணைக்குட்டையில் தேங்கிய மழைத் தண்ணீர், சாயங்காலம் நாலரைக்கு மேல், சாற்றை வேட்டித் துணியில் இரண்டுமுறை வடிகட்டி. வடிகட்டாவிட்டால் நாசில் அடைத்துக்கொண்டு வாயால் ஊத வேண்டி வரும், அந்த ருசி இரவுச் சாப்பாடு வரை நிற்கும். ஏக்கருக்குப் பன்னிரண்டு டேங்க், கிட்டத்தட்ட இரண்டு கேன். ஒரு ஏக்கரில் மட்டும் அடித்தேன், மிச்சத்துக்குக் குட்டைத் தண்ணீர் மட்டும்.

அம்மாவின் பழைய சேலையைக் கிழித்துச் சாறு அடித்த பக்கம் 30 செடிக்குச் சிவப்பு, அடிக்காத பக்கம் 30 செடிக்கு நீலம் கட்டினேன். ஒவ்வொரு செடியிலும் பத்துப் பூவின் காம்பில் தையல் நூல். மிளகாய்ப் பூ தலை கவிழ்ந்து இருக்கும், வெள்ளையாக, சட்டைப் பொத்தான் அளவு, குனிந்து நூல் கட்டக் கட்ட இடுப்பு கழன்றுவிட்டது. பன்னிரண்டு நாள் கழித்து எண்ணினால் சிவப்புப் பக்கம் 300 பூவில் 131 பிஞ்சாகியிருந்தது, நீலப் பக்கம் 98. வித்தியாசம் இருக்கிறது. ஆனால் சிவப்புப் பக்கம் குட்டைக்கு அருகில், அங்கே ஈரம் கொஞ்சம் கூட நிற்கும், அதையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு என்னை வந்து கேட்காதீர்கள்.

பூ ஏன் கொட்டுகிறது என்பதைக் கையில் வைத்துப் பார்க்கலாம். விழுந்த பூவை எடுத்துக் காம்பின் அடியைப் பாருங்கள், பிய்த்த மாதிரி இருக்காது, கத்தியால் நறுக்கிய மாதிரி சுத்தமாக இருக்கும். செடிதான் நறுக்குகிறது. காம்பும் தண்டும் சேருகிற இடத்தில் ஒரு மெல்லிய வரிசை செல்கள் இதற்காகவே காத்திருக்கின்றன. பூவிலிருந்து ஆக்சின் காம்பு வழியாக இறங்கிக்கொண்டிருக்கும் வரைக்கும் அவை சும்மா இருக்கும். மண் காய்ந்தால் செடியில் அப்சிசிக் அமிலம் என்கிற இன்னொரு கட்டளை ஏறி, இலைத் துளைகளை மூடு என்கிறது, துளை மூடினால் தண்ணீர் மிஞ்சும், ஆனால் காற்றும் உள்ளே வராது, இலையில் சோறு வேகாது. பசித்த பூவிலிருந்து ஆக்சின் குறைகிறது, உதிரச் சொல்கிற எத்திலீன் ஏறுகிறது, காத்திருந்த செல்கள் தங்கள் சுவரைத் தாங்களே கரைத்துக்கொள்கின்றன, பூ விழுகிறது. இருக்கிற தண்ணீருக்கு எத்தனை பிள்ளையை வளர்க்க முடியும் என்று செடி போடுகிற கணக்கு அது. மாசியில் கச்சான் மாதிரி ஒரு வறட்டுக் காற்று இரண்டு நாள் அடித்தால் வயல் முழுக்க வெள்ளையாகக் கிடக்கும், பார்த்திருப்பீர்கள். சாறு இந்தக் கணக்கை நமக்குச் சாதகமாகக் கொஞ்சம் திருத்துகிறது, அவ்வளவுதான். இலை பழுப்பதைச் சைட்டோகைனின் தள்ளிப்போடும், சிவப்புத் துணிச் செடிகளில் அடியிலைகள் ஒரு வாரம் போல அதிகம் பச்சையாக நின்றதைக் கண்ணால் பார்த்தேன். மழையே இல்லாமல் செடி தலை தொங்கி நின்றால் எந்தச் சாறும் கணக்கைத் திருத்தாது.

இனி முடக்கு. எங்கள் பக்கத்து டவுனில் ஒரு மருந்துக் கடையில், முந்தின வருடம், சுருண்ட கிளையை ஒடித்துக்கொண்டு போய்க் காட்டினேன். தொட்டுக்கூடப் பார்க்காமல் “சத்துக் குறைவு, டானிக் அடிங்க” என்று பாசிச் சாற்றுப் பாட்டிலைத் தூக்கி மேசையில் வைத்தார். அடித்தேன். இரண்டு வாரம் போச்சு, அதற்குள் கால் ஏக்கர் முடங்கியது. தப்பு பாட்டிலில் இல்லை, எதற்குக் கொடுத்தார் என்பதில்.

இலை சுருளுவதெல்லாம் ஒன்று கிடையாது. ஓரம் மேல்நோக்கி மடங்கிப் படகு மாதிரி ஆனால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு எலிவால் மாதிரி நீண்டால் முரணைச் சிலந்தி, வெறும் கண்ணுக்குத் தெரியாது, லென்ஸை வைத்து நுனி இலையின் அடிப்பக்கம் பார்த்தால் கண்ணாடித் துளி மாதிரி ஊர்ந்துகொண்டிருக்கும். இந்த இரண்டுக்கும் அதற்கதற்கு மருந்து உண்டு, சிலந்திக்கு நனையும் கந்தகம் கேட்கும். இலை குட்டையாகி, நரம்பு தடித்து, கணு நெருங்கி, செடியே துடைப்பக் கட்டை மாதிரி நின்றுவிட்டால் அது வைரஸ், வெள்ளை ஈ கொண்டுவந்து ஏற்றுவது.

அந்த ஜெமினி வைரஸ் செய்கிற வேலை இருக்கிறதே, திருடனாக இருந்தாலும் மெச்சத்தான் வேண்டும். தன் டிஎன்ஏவைப் பிரதி எடுக்க அதனிடம் சொந்தக் கருவி இல்லை. செடியின் கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும், ஆனால் வளர்ந்து முடிந்த செல்லில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும். “போதும், இனிப் பெருகாதே” என்று செல்லைப் பிடித்து வைத்திருக்கிற ஒரு புரதம் உண்டு. வைரஸின் புரதம் ஒன்று போய் அந்தக் காவல்காரனைக் கட்டிப்போடுகிறது, ஓய்ந்த செல் மறுபடி டிஎன்ஏ தயாரிக்கத் தொடங்குகிறது, வைரஸ் அதில் சவாரி செய்கிறது. அந்தக் காவல்காரப் புரதத்தின் குடும்பப் பெயர் ரெட்டினோபிளாஸ்டோமா. குழந்தைகளின் விழித்திரையில் வருகிற புற்றுநோயின் பெயர் அது, நம் உடம்பில் அதே குடும்பத்துப் புரதம் கெட்டுப்போவதால்தான் அந்த நோய் வருகிறது என்று தெரிந்து அதே பெயரை வைத்தார்கள். மிளகாய் இலையும் குழந்தையின் கண்ணும் ஒரே மாதிரி பூட்டை வைத்திருக்கின்றன என்று கல்லூரியில் படித்தபோது மார்க்குக்காகப் படித்தேன், வயலில் நின்று யோசித்தபோது ஒரு நிமிடம் ஒரு மாதிரியாக இருந்தது.

இப்போது சொல்லுங்கள், வளர்ச்சிக் கட்டளையே வைரஸ் கையில் போய்விட்ட செடிக்கு இன்னும் வளர்ச்சிக் கட்டளை ஊற்றி என்ன பயன்? என் அனுபவத்தில் கெடுதலே உண்டு, டானிக் அடித்ததும் நாலு தளிர் விட்டது, அந்தத் தளிரில்தான் வெள்ளை ஈ கூட்டமாக உட்கார்ந்திருந்தது. இந்த வருடம் முடங்கிய செடியைக் கண்டதும் பிடுங்கிச் சாக்கில் போட்டுக் கொண்டுபோய் எரித்தேன், மஞ்சள் ஒட்டும் அட்டையை வரப்போரம் கட்டினேன். 40 செடிக்கு மேல் போகவில்லை. அந்தப் பெருமையில் சாற்றுக்குப் பங்கு கிடையாது.

காசுக் கணக்கு. மூன்று முறை அடிக்க ஏக்கருக்கு ஆறு கேன், 2,400 ரூபாய், மண்டபம் போய்வர பெட்ரோல் தனி. பூ கொட்டாமல் இருக்க மட்டும்தான் என்றால் என்ஏஏ என்கிற செயற்கை ஆக்சின் இதைவிட எவ்வளவோ மலிவு, வேளாண் பல்கலைக்கழகமே நட்ட 60-ஆம் நாளும் 90-ஆம் நாளும் 10 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 10 மில்லிகிராம், அடிக்கச் சொல்கிறது. கடையில் கிடைக்கிற 4.5 சதவீத மருந்தில் அது பத்து லிட்டருக்கு இரண்டே கால் மில்லிகூட வராது, ஊசிச் சிரிஞ்சில் அளந்து விடுங்கள், மூடியில் குத்துமதிப்பாக ஊற்றினால் இருக்கிற பூவையும் அதுவே கொட்ட வைக்கும். கையில் காசு இறுக்கம் என்றால் நான் என்ஏஏவைத்தான் சொல்வேன். வறட்சி தாங்கணும், இலையும் நிற்கணும், அளவில் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் பெரிய சேதம் வரக்கூடாது என்றால் சாறு. ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். லேபிள் ஒட்டியிருந்தால் நான்கு.

எப்போது வேண்டுமானாலும் கிடைக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாடைக் காற்றில் பாக் நீரிணை கொந்தளிக்கும், தெப்பம் நிற்காது, அந்த மாதங்களில் புதுச் சாறு இல்லை. கடல் சூடேறினாலும் சிக்கல், பாசி அங்கங்கே வெளுத்து, பஞ்சு மாதிரியாகி, ஒடிந்து விழுகிறது, ஐஸ்-ஐஸ் என்று அந்த நோய்க்குப் பெயர். எல்லாமே ஒரே செடியைத் துண்டு போட்டுத் துண்டு போட்டு வளர்த்தது, ஒன்றுக்குத் தாங்காத சூடு எதற்கும் தாங்காது. 2013-14 வாக்கில் இந்தக் கரையில் பாசி கொத்துக் கொத்தாக அழிந்து, நிறையப் பேர் தொழிலையே விட்டுவிட்டார்கள். அந்த அக்கா சொன்னது: “மிளகாய்க்கு டானிக் கேக்குறீக, எங்க பாசிக்கு ஒரு டானிக் இருந்தாக் கொண்டாங்க தம்பி.”

கடைசியாக, வைக்கிற இடம். பச்சைச் சாறு புளிக்கும். நான் ஒரு கேனை மிச்சம் பிடித்து, மூடியை நன்றாகத் திருகி, விதை வத்தல் மூட்டைக்குப் பக்கத்தில் ஓட்டுக் கொட்டகையில் வைத்திருந்தேன். பங்குனி வெயிலில் கேன் பூசணிக்காய் மாதிரி உப்பியதை யாரும் கவனிக்கவில்லை. ஒரு மதியம் டமார் என்று சத்தம், அப்பத்தா சிலிண்டர் என்று நினைத்து ரோட்டுக்கே ஓடிவிட்டது. விதை மூட்டையைக் காப்பாற்றிவிட்டோம், அப்பாவின் வெள்ளை வேட்டியைக் காப்பாற்ற முடியவில்லை. வாங்கினால் பத்து நாளுக்குள் அடித்துவிடுங்கள், மூடியை அரைத் திருகாக நிழலில் வையுங்கள், அதுவும் வீட்டை விட்டுத் தள்ளி.